பெரியப்பா கேட்ட நாலாவது கேள்வி

"உங்க பெரியப்பா கொலைகாரங்களைக் காப்பாத்துற வக்கீலாமே?"

ஸ்கூலில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

பெரியப்பா கோவையில் முப்பது வருஷமாக கிரிமினல் வக்கீல். சினிமாவில் வருவதுபோல மேஜையைத் தட்டிக் கத்துகிறவர் இல்லை. வாய்தாவுக்கும் ஜாமீன் மனுவுக்குமே அவருடைய பகல் ஓடிவிடும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் கேஸ் கட்டைப் பிரிப்பார். எஃப்.ஐ.ஆர். போட்ட நேரத்தையும், அது மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரத்தையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். நடுவில் பல மணி நேரம் இருந்தால், "இவ்வளவு நேரம் என்ன பண்ணுனாங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார்.

நான் ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. சேர்ந்த புதிதில் ஒரு நைட் ஷிஃப்ட். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு ஒரு கைது செய்தி வந்தது. பத்தே நிமிடத்தில் 'மூதாட்டியிடம் செயின் பறித்த திருடன் சிக்கினான்' என்று தலைப்பு வைத்து, முகம் தெளிவாகத் தெரியும் அந்தப் படத்தையும் போட்டேன். செய்தி நன்றாக ஓடியது. பிறகு மறந்தே போனேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பா போனை நீட்டினார். "இது நீ எழுதுனதா கண்ணு?"

செய்திக்குக் கீழே என் பெயர் இருந்தது.

படத்தில் இருந்த பையன் அவருடைய கட்சிக்காரன். வழக்கில் விடுதலையாகிவிட்டான். ஆனால், வேலை கேட்டுப் போகிற இடத்தில் அவன் பெயரைத் தேடினால் முதலில் வருவது என் செய்திதானாம். "நான் விடுதலையான செய்தி எங்க சார் இருக்கு?" என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறான். அதை யாருமே எழுதவில்லை. நானும்தான்.

"கோர்ட்டுல என்ன நடந்துச்சு பெரியப்பா?"

சொன்னார். செயினைக் கைப்பற்றியதாகச் சொன்ன அத்தாட்சியில் கையெழுத்துப் போட்ட சாட்சி, "ஸ்டேஷன்ல கையெழுத்து கேட்டாங்க, போட்டேன்" என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது, ஜெயிலில் மாஜிஸ்திரேட் நடத்திய அடையாள அணிவகுப்பில் அந்தப் பாட்டி பையனை அடையாளம் காட்டியது மட்டும்தான். குறுக்கு விசாரணையில் பெரியப்பா கேட்டது நாலே கேள்வி.

"அவன் ஹெல்மெட் போட்டிருந்தானுங்களாம்மா?"

"ஆமாங்க."

"முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"வண்டி திரும்பறப்ப, ஒரு நிமிசம் கூட இருக்காதுங்க."

"ஜெயில்ல காட்டறதுக்கு முன்னாடி அவனைப் பார்த்திருக்கீங்களா?"

"நேர்ல பார்த்ததில்லீங்க."

"போட்டோவுல?"

"பேத்தி போன்ல காட்டுச்சுங்க. நியூஸ்ல வந்துச்சு."

பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். படத்தை முன்பே பார்த்துவிட்டவர் அடையாளம் காட்டினால், அது சம்பவத்தின் நினைவா, படத்தின் நினைவா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த அடையாளத்துக்கு அப்புறம் மதிப்பில்லை.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் நிரபராதி என்றால், அவன் வாழ்க்கையில் விழுந்த கறை நான் வைத்தது. அவன்தான் திருடன் என்றால், அவனைத் தப்ப வைத்ததில் என் படத்துக்கும் பங்கு இருக்கிறது.

"நிஜமாவே அவன் எடுத்தானா பெரியப்பா?"

"எனக்கு எப்படி கண்ணு தெரியும்? நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். ஒழுங்கா நிரூபிச்சாங்களான்னு பார்க்கிறதுதான் என் வேலை. நாளைக்கு உன்னையோ என்னையோ பிடிச்சாலும் அதை யாராவது பார்க்கணுமில்ல?"

அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு, கைதாகிற யாருக்கும் தான் விரும்பும் வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. குறிப்பிட்ட ஆட்களுக்காக ஆஜராக மாட்டோம் என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் கோவையில், போலீஸாருக்காக ஆஜராக மாட்டோம் என்று போட்ட தீர்மானத்தை ஒட்டி வந்த தீர்ப்பு அது! வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று கலங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை போனில் சேமித்து வையுங்கள்.

ஆபீஸ் திரும்பியதும் எடிட்டரிடம் நடந்ததைச் சொன்னேன். தீர்ப்பின் நகலை வாங்கிப் படித்து, பழைய செய்தியில் இருந்த படத்தை எடுத்துவிட்டு, 'செயின் பறிப்பு வழக்கு: குற்றம் சாட்டப்பட்ட இளைஞர் விடுதலை' என்று மாற்றினேன். பழைய செய்தி ஓடியதில் பத்தில் ஒரு பங்குகூட இது ஓடவில்லை.

லிங்க்கை பெரியப்பாவுக்கு அனுப்பினேன். "அந்தப் பையனுக்கு அனுப்பிட்டேன்" என்று மட்டும் பதில் வந்தது.

இப்போதெல்லாம் 'திருடன்' என்று டைப் செய்யும்போது கை நின்றுவிடுகிறது. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று போட்டால் மொபைலில் தலைப்பு இரண்டு வரிக்குப் போய்விடுகிறது. போகட்டும்.