மலிவு யாருக்கு?

ஆடி, ஆவணி மாதங்களில் வளைகுடாவிலிருந்து செங்கலுக்கு உறவினர் விடுமுறைக்கு வருவர். களியக்காவிளையில் துணிமணி வாங்கும் அதே பயணத்தில் மூக்குக்கண்ணாடியும் ஆறு மாதத்திற்கான இரத்த அழுத்த மாத்திரைகளும் வாங்கிவிடுவர். “அங்கே ஒன்றின் விலைக்கு இங்கே நாலு வாங்கலாம்” என்பார் அத்தை.

இம்மலிவு தானாக விளைந்ததன்று. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை மறுத்து, செய்முறைக்கு மட்டுமே வழங்கியது. ஆகவே அதே மருந்தை வேறு முறையில் தயாரித்து இந்திய நிறுவனங்கள் குறைந்த விலைக்கு விற்றன. 2005இல் பொருட்காப்புரிமை மீண்டும் வந்தது. பழைய மருந்துகளின் மலிவு நீடிக்கிறது.

ஆயின் பக்கத்து வீட்டு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அம்மழை மாதங்களில் வேலை குறைவு. இலவச மருந்து கிடைக்காதபோது அதே மாத்திரையை அவர் பத்துப் பத்தாகவே வாங்குகிறார். சில நாள் விட்டும்விடுகிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டு முறை, ஒரு மாத மருந்துக்குக் கடைநிலை அரசு ஊழியர் எத்தனை நாள் உழைக்க வேண்டும் எனக் கணக்கிடுகிறது. மழையால் கூலி இழப்பவர் அக்கணக்கில் இல்லை. ஆய்வு மாணவர்களாகிய நாம் அவரை எவ்வாறு அளப்பது? நண்பர்களின் கருத்தை அறிய விழைகிறேன்.