கந்தளாய் எந்தக் கிளையில்?

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பது, கட்டுரைகளையும் படங்களையும் கோப்புகளையும் நிரலாக்கம் அறியாதவரும் இணையத்தில் ஏற்றித் திருத்தி வகைப்படுத்த இடமளிக்கும் மென்பொருளாகும். ஈழத்தமிழர் ஆவணங்களைத் திரட்டும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது மீடியாவிக்கி என்ற இத்தகைய மென்பொருளில் இயங்குகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் அடித்தளமும் அதுவே. திரையோரத்தில் நிற்கும் இணைப்புப் பட்டியலாகிய பக்கப்பட்டையை மீடியாவிக்கியில் ஒரு தனிப் பக்கமாக எழுதுவர். அங்கே ஓர் உடுக்குறி இட்ட வரி தலைப்பாகவும், இரண்டு இட்ட வரி அதன்கீழ் இணைப்பாகவும் தோன்றும். பக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபின் கையால் எழுதும் பட்டியல் ஈடுகொடுப்பதில்லை. ஆகவே நீட்சி தேவைப்படுகிறது. நீட்சி என்பது மூல மென்பொருளை மாற்றாமல் அதனுடன் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல். அவற்றுள் ஒன்றான பகுப்புமரம், பக்கங்களுக்கு இடப்பட்ட பகுப்புகளைக் கொண்டு, விரித்தும் சுருக்கியும் பார்க்கத்தக்க மரமொன்றைப் பக்கப்பட்டையில் தானாகவே அமைத்துவிடும்.

மரத்தை நீட்சி வரைந்தாலும் கிளைகளைத் தீர்மானிப்பவர் மனிதரே என்பதால், உண்மையான கடினம் அங்குதான் தொடங்குகிறது. கந்தளாய் பற்றிய ஒரு பக்கம் திருகோணமலை மாவட்டத்தின் ஊர்களுள் இடம்பெற வேண்டும். குளம் இருப்பதால் நீர்ப்பாசனத்திலும், 1986 ஏப்ரல் 20 அன்று அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததால் பேரழிவுகளிலும், சதுர்வேதிமங்கலம் என்னும் பிராமணக் குடியிருப்பு பற்றிய தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்ததால் சாசனவியலிலும் அதற்கு உரிமையுண்டு. அக்குளத்தைக் ‘கோணேசர் கல்வெட்டு’ என்னும் தமிழ் நூல் குளக்கோட்டன் என்னும் மன்னனோடும், பாளி வரலாற்று நூலான சூளவம்சம் இரண்டாம் அக்கபோதி மன்னனோடும் இணைக்கின்றன; ஒரு மரபின் கிளையில் மட்டும் அதை மாட்டிவிடுவது, வகைப்படுத்தல் என்ற பெயரில் வரலாற்றுத் தீர்ப்பு எழுதுவதாகிவிடும், அந்த அதிகாரம் பக்கப்பட்டையை அமைப்பவருக்கு இல்லை.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் இச்சிக்கலை முன்பே எதிர்கொண்டார். பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல் தனித்தன்மை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் முகங்களாகப் பிரித்து நோக்க அவர் வழிசெய்தார். ஒரு பக்கத்துக்குப் பல பகுப்புகளை இட மீடியாவிக்கி அனுமதிப்பதால், பகுப்புமரத்தில் அதே கந்தளாய் நான்கு கிளைகளிலும் தோன்றுகிறது. இது மிகையன்று, தேடுவோர் நான்கு திசைகளிலிருந்து வருகின்றனர்.

கிளைக்குள் அமையும் அகரவரிசை, சிறியதாகத் தோன்றினும், தமிழ்த் தளங்களில் தனிக் கவனத்துக்குரியது. யுனிகோடு அட்டவணையில் ‘ன’ என்னும் எழுத்து ‘ந’வுக்கு அடுத்தே நிற்கிறது; ‘வ’வோ ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் பின்னால் தள்ளப்பட்டுள்ளது. குறியெண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் அமைப்பில் கந்தளாய், கன்னியா, கப்பல்துறை என்று ஊர்கள் நிற்கும். தமிழ் நெடுங்கணக்கின்படியோ கன்னியா கப்பல்துறைக்குப் பின்னரே வரவேண்டும். தமிழுக்குரிய ஒப்பீட்டு விதியைத் தேர்ந்தெடுக்க மீடியாவிக்கியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். பின்னர், ஏற்கெனவே சேமித்த வரிசைத் திறவிகளைப் புதுப்பிக்கும் பராமரிப்பு நிரலையும் இயக்க வேண்டும், இல்லையெனில் பழைய பக்கங்கள் பழைய இடத்திலேயே நிற்கும்.