லீவு முடியுது... திருவண்ணாமலை வீடுகளில் மறுபடி 5 மணி அலாரம்!

மே மாதத்தின் கடைசி வாரம். திருவண்ணாமலைக் கடைத்தெருவில் இப்போது அதிகம் கேட்கப்படும் பொருள்கள் பிரவுன் ஷீட், லேபிள், ஷூ பாலிஷ், தண்ணீர் பாட்டில். 2025-ல் ஜூன் 2, திங்கள்கிழமை பள்ளிகள் திறந்தன. லீவு முடிகிறதே என்று பிள்ளைகளுக்குக் கவலை. காலை 5 மணி அலாரத்தை மறுபடி வைக்க வேண்டுமே என்று அம்மாக்களுக்குக் கவலை.

நிழல் வருவதற்குள் வடாம்

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை அக்னித் தலம். அங்கே அக்னி நட்சத்திரம் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2,668 அடி உயரத்துக்கு நிற்கும் கல்மலை, பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் மெள்ள வெளியே விடும். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தாலும் சீக்கிரம் தூக்கம் வராது.

ஆனால், அந்த வெயிலை யாரும் வீணாக்குவதில்லை. வடாம், மோர் மிளகாய், மாங்காய் வற்றல் என்று வருஷம் முழுக்கத் தேவையானது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில் தயாராகிவிட வேண்டும். இந்த ஊரில் அதற்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. அண்ணாமலையார் கோயிலும் அதைச் சுற்றிய பழைய தெருக்களும் மலைக்குக் கிழக்கே இருக்கின்றன. அதனால் சூரியன் மலைக்குப் பின்னால்தான் இறங்கும். மற்ற ஊர்களில் வெயில் மிச்சமிருக்கும் நேரத்திலேயே, மாலை 5 மணிவாக்கில், இங்கே மாடிகளில் மலை நிழல் விழத் தொடங்கிவிடும். ஆகவே, விடிவதற்கு முன்பே கூழ் கிளறி, பழைய வேட்டியை விரித்து, முறுக்கு உரலில் பிழிந்து முடித்துவிடுகிறார்கள்.

காவல் வேலை பிள்ளைகளுக்கு. காக்கா, அணில் போதாதென்று மலையடிவாரத்தில் குரங்குகளும் வரும். ஒரு கையில் குச்சி, மறு கையில் செல்போன். செல்போன் ஜெயித்த நாள்களில் வடாம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பௌர்ணமி வந்தால் விருந்தாளி வருவார்கள்

மற்ற ஊர்ப் பிள்ளைகள் லீவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். திருவண்ணாமலைக்குச் சொந்தக்காரர்களே வந்துவிடுவார்கள். ‘கிரிவலம் வந்தோம், அப்படியே உங்களையும் பார்த்துட்டுப் போகலாம்னு...’ என்று ஆரம்பிக்கும் வருகை, இரண்டு நாள் தங்கலாக மாறுவது இங்கே சகஜம். கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடியாகக் கூட்டம் அலைமோதுவது சித்திரை பௌர்ணமிக்குத்தான். அது 2025-ல் மே 12-ம் தேதி, லீவுக்கு நடுவே வந்தது.

14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வருபவர்களுக்குச் சுடச்சுடச் சாப்பாடு, காலுக்கு வெந்நீர், படுக்கப் பாய் என எல்லாம் தயாராக இருக்க வேண்டும். போக்குவரத்து மாற்றத்தால் வண்டி எடுக்க முடியாது என்பதால், பாலும் காய்கறியும் முதல் நாளே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். லீவில் இருந்த பிள்ளைகள் இதில் பாதி வேலையைச் சுமந்திருக்கிறார்கள். தண்ணீர் பிடித்தார்கள், பாய் சுருட்டினார்கள், கடைக்கு ஓடினார்கள். பாட்டிகளுக்குத் துணையாக நடந்தார்கள். பள்ளி திறந்ததும் அந்தக் கைகள் வீட்டில் இருக்காது.

சீருடையும் சிற்றுண்டியும்

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீடே ஒரு சின்னத் தொழிற்சாலைதான். எண்ணெய்க் குளியல், நகம் வெட்டுதல், பேன் சீப்பு, மாவரைத்தல் எல்லாம் ஒரே நாளில் நடக்கும். பழைய பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்க வேண்டும். இரண்டு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷூ காலுக்குச் சேராது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அரசுப் பள்ளிகளில் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை ஆகியவை விலையில்லாமல் கிடைப்பதால் செலவு கொஞ்சம் குறைகிறது. காலை வேலையைக் குறைத்ததில் காலை உணவுத் திட்டத்துக்கும் பங்கு உண்டு. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் பள்ளியிலேயே கிடைக்கும். விடியற்காலையில் பூக்கட்டி விற்கப் போகிற ஓர் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆறாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளை இருந்தால், அடுப்பைப் பற்றவைத்துத்தான் ஆக வேண்டும்.

289 நிமிடம்... 88 நிமிடம்!

மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றைச் சொல்கிறது. 6 வயதுக்கு மேற்பட்டவர்களில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். அதாவது, பெண்களுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம், ஆண்களுக்கு ஒன்றரை மணி நேரம்.

6 வயது என்பதைக் கவனியுங்கள். இந்த இடைவெளி கல்யாணத்துக்குப் பிறகு தொடங்குவதில்லை. வடாம் காவலுக்குப் பையன், பாத்திரம் தேய்க்கப் பெண் என்று பிரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. வடாம் சீசன் முடிந்ததும் பையனின் வேலை முடிந்துவிடும். பாத்திரத்துக்குத்தான் சீசனே கிடையாது. பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடத்துக்கு முன்னால் சிங்க்கில் நிற்பது பெரும்பாலும் பெண் பிள்ளைதான்.

இதை மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. லீவில் பழகிய வேலைகளை அப்படியே விட்டுவிடாமல், ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். டிபன் பாக்ஸைக் கழுவுவது சாப்பிட்டவர் பொறுப்பு. இரவே பை அடுக்கி, சாக்ஸ் எடுத்துவைப்பது அவரவர் வேலை. தண்ணீர் பிடிப்பது ஒரு வாரம் அண்ணன், அடுத்த வாரம் தங்கை. தேங்காய் துருவுவதும் சட்னி அரைப்பதும் அப்பாவால் முடியாத காரியங்கள் அல்ல. ஒரு மாதம் நடந்தால் அதுவே பழக்கமாகிவிடும்.

திருவண்ணாமலை வீடுகளுக்கு இதில் முதல் பரீட்சை சீக்கிரமே வருகிறது. 2025-ல் வைகாசி பௌர்ணமி ஜூன் 10, 11 தேதிகளில் வந்தது. பள்ளி திறந்த இரண்டாவது வாரம், அதுவும் வேலை நாள். சொந்தக்காரர்கள் இப்போதே போன் செய்யத் தொடங்கியிருப்பார்கள். அன்றைக்குப் பாய் விரிப்பது யார், காலையில் டிபன் கட்டுவது யார் என்பதை இந்த வாரமே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.