ஒளித்து வைத்தவரின் பொறுப்பு

போர்ட்லண்ட், ஏப்ரல் 29

மகள் வீட்டுக்கு வந்தது முதல் பேரன் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஜியோகேச்சிங் என்னும் விநோத விளையாட்டின் சாரத்தை இன்று ஒருவாறு கிரகித்துக்கொண்டேன். முன்பின் அறியாத ஒருவர், மழைக்கும் பனிக்கும் ஈடுகொடுக்கக்கூடிய பெட்டியொன்றில் சிறு நோட்டுப்புத்தகமும் சில அற்ப சாமான்களும் வைத்து, காட்டிலோ பூங்காவிலோ மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை மட்டும் உலகத்துக்கு அறிவித்துவிடுகிறார். அவ்வெண்களைத் துணைக்கொண்டு தேடிக் கண்டுபிடிப்பவர், நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, விருப்பமிருந்தால் ஒரு பொருளை எடுத்து, அதற்குக் குறையாத மதிப்புள்ள மற்றொன்றை வைத்து, பெட்டியை முன்பிருந்தபடியே மறைத்துவிட்டு வரவேண்டும்.

பேரனிடமுள்ள ஜி.பி.எஸ். கருவி உள்ளங்கையில் அடங்குவது. இரண்டு பென்சில் பேட்டரிகளில் இயங்குவது. ஆயினும் அது செவிசாய்ப்பதோ, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியை வலம்வரும் செயற்கைக்கோள்களுக்கு. செய்தி புறப்பட்ட நேரத்தைக் கோளிலுள்ள அணுக்கடிகாரம் சொல்ல, வந்துசேர்ந்த நேரத்தோடு அதை ஒப்பிட்டுக் கருவி தூரத்தைக் கணிக்கிறது. இடத்தைக் காட்ட மூன்று கோள்களே போதுமென்று தோன்றினாலும், கருவியிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைத் தீர்க்க நான்காவது கோளும் அவசியமாகிறது. சார்பியல் தத்துவப்படி ஆகாயத்துக் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி முந்துமாகையால், அதற்கும் முன்கூட்டியே பரிகாரம் செய்திருக்கிறார்கள்.

மே 1

இந்த ஜி.பி.எஸ். ஏற்பாடு முழுவதும் அமெரிக்க ராணுவத்தின் சிருஷ்டி. சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தபடியால், நூறு மீட்டர் வரை தவறு நேர்வது சகஜமாயிருந்தது. ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவுப்படி, இந்நாட்டுக் கடிகாரக் கணக்கில் 2000-ஆம் வருஷம் இதே மே 1 இரவில் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. மறுநாளுக்கு மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் இந்நகருக்குச் சற்றுத் தென்கிழக்கேயுள்ள பீவர்கிரீக் பக்கத்தில் கறுப்பு வாளி ஒன்றைப் பாதி புதைத்து, உள்ளே புத்தகங்களும் வீடியோவும் கவணும் ஒரு பீன்ஸ் டப்பாவும் வைத்து, எண்களை இணையத்தில் வெளியிட்டார். மைக் டீக் என்பவர் சில தினங்களுக்குள்ளேயே அதைக் கண்டுபிடித்தார். அவ்வருஷம் செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையதளம் தொடங்கினார். இன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உலகெங்கும் ஒளிந்திருக்கின்றன.

இதற்கு முன்னோடியும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் வெளியில், சதுப்பு சூழ்ந்த கிரான்மியர் குளத்தருகே, ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854-இல் ஒரு புட்டியை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வருபவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதிலிட்டுச் செல்ல வழிசெய்தார். இந்தக் கருவி இல்லாத காலத்திலும் இந்த ஆசை இருந்ததென்றால், இதைத் தோற்றுவித்தது செயற்கைக்கோள் அல்ல என்பது வெளிப்படை.

மே 3

உல்மரின் வாளிக்காகப் பீவர்கிரீக் சாலையோரத்தில் பதித்திருக்கும் ஞாபகப் பலகையைப் பார்த்துவிட்டு, அருகிலிருந்த காட்டுக்குள் மற்றொரு பெட்டியைத் தேடிப் புகுந்தோம். கோண நிமிஷத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எண் கொடுத்திருந்தார்கள். அட்சரேகையில் அது இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆனால் ஈரம் சொட்டும் டக்ளஸ் ஃபர் மரங்களின் அடர்த்தியில் சமிக்ஞை தடைப்பட்டும் மோதித் திரும்பியும் வருவதால், கருவியின் அம்பு, புதிதாக ஊருக்கு வந்தவனுக்கு வழி சொல்லும் நாலு பேரைப் போல, கணத்துக்கொரு திசையைக் காட்டிற்று. "இனிமே இதைப் பாக்காதீங்க தாத்தா. நீங்க ஒளிச்சு வைக்கிறதா இருந்தா எங்கே வைப்பீங்கன்னு யோசிங்க" என்றான் பேரன். நாயுடன் ஒருவர் அவ்வழியே வரவே, அவர் போகும்வரை இருவரும் பறவை பார்ப்பவர்களைப் போல் அண்ணாந்து நின்றோம். விஷயம் அறியாத இத்தகைய பிரஜைகளை, ஹாரி பாட்டர் கதையைப் பின்பற்றி, இவ்விளையாட்டுக்காரர்கள் 'மகிள்' என்கிறார்கள்.

விழுந்து கிடந்த மரத்தின் அடியில், பட்டைகளால் மூடியிருந்தது பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி. நோட்டு, பிளாஸ்டிக் டைனோசர், சாவி வளையம். பேரன் டைனோசரை எடுத்துக்கொண்டு ஒரு கோலிக்குண்டை வைத்தான். தின்பண்டம் வைக்கலாகாதாம்; மிருகங்கள் மோப்பம் பிடித்துவிடும். பெட்டியைப் புதைக்கவும் கூடாதாம். ஆக, பாதி புதைந்திருந்த அந்த ஆதி வாளியும் அதிலிருந்த பீன்ஸ் டப்பாவும் இன்றைய சட்டப்படி இரட்டைக் குற்றமாகும்!

மே 6

அந்த நோட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பலரது கையெழுத்து இருந்தது. ஒருவர், பழைய நோட்டு நனைந்துவிட்டதால் புதிது வைத்ததாகக் குறித்திருந்தார். பெட்டி இருக்கவேண்டிய இடத்தைத்தான் கருவி சொல்லுமேயன்றி, பெட்டி இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் தராது. பூட்டும் காவலும் இல்லாத அப்பெட்டியை, எடுத்துப்போக முழு வசதியும் இருந்தும் எடுக்காமல் மூடிவைத்துச் சென்ற முந்தையவர்களே அந்த உத்தரவாதம். ராணுவம் தன் காரியத்துக்காகச் செய்த சூக்ஷ்மக் கணக்கை, ஒருவரையொருவர் பார்த்தேயிராத மனிதர்களின் யோக்கியதைதான் விளையாட்டாக மாற்றியிருக்கிறது.

இந்த உற்சாகத்தில், நாமும் ஒரு பெட்டி வைக்கலாமே, என் பெயரில் இருக்கட்டுமே என்றேன். நிலத்துக்கு உரியவரின் சம்மதம் வேண்டும், அடுத்த பெட்டிக்கும் இதற்கும் 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதிகளை அடுக்கிய பேரன், முக்கியமானதைக் கடைசியில் சொன்னான்: "வச்சவங்கதான் அப்பப்ப போய்ப் பாத்துக்கணும். நீங்க ஜூன்ல ஊருக்குப் போயிடுவீங்களே தாத்தா?" பிரயாணியாக வந்தவர் பராமரிக்க ஆளின்றிப் பெட்டி வைத்துவிட்டுப் போவதை இவர்கள் அங்கீகரிப்பதில்லையாம். அது மிக நியாயமான விதியென்பதே என் அபிப்பிராயம். ஒளித்து வைப்பவன் பிறருக்குக் கொடுப்பது பெட்டியை மட்டுமல்ல, தேடி வருகிறவன் ஏமாறமாட்டான் என்ற வாக்கையும் சேர்த்துத்தான். ஆகையால் பெட்டி பேரன் பெயரில் பதிவாகிறது; டப்பா வாங்கும் செலவு மட்டும் என்னுடையது.