அய்யனார் கோவிலில் ஓர் ஆட்டம்

காது குத்தும்போது மடியைக் கொடுத்து, சடங்குக்குச் சீர் கொண்டுபோய் வைத்துவிட்டால் தாய்மாமன் கடமை தீர்ந்தது என்றுதான் இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் போன மாதம் மண் விழுந்தது. ராஜபாளையத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வா. பயலுக்குப் புத்தி சொல்லணும். அவங்க அப்பா பேச்சை நிறுத்தி ஒரு வாரம் ஆச்சு."

விஷயம் இதுதான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், நம் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் சதுரங்க உலக சாம்பியன் ஆனான் அல்லவா? அந்த வாரமே அக்காள் மகன் ஒரு பலகை வாங்கினான். அப்போது அவனுக்கு வயது 13, இப்போது 14. தெருவில் ஜெயித்தான், பள்ளிக்கூடத்தில் ஜெயித்தான், செல்போனில் முகம் தெரியாத ஆசாமிகளையும் ஜெயித்தான். இப்போது ஒரே பிடிவாதம்: பத்தாம் வகுப்பு அப்புறம் இருக்கட்டும், சென்னையில் மாமா வீட்டில் தங்கிப் பயிற்சி பெறவேண்டும். செலவுக்கு அக்கா கட்டிவரும் சீட்டுப் பணத்தையும் அவனே கணக்குப் பண்ணி வைத்திருக்கிறான்!

வீட்டுக்குள் உட்கார்ந்து உபதேசம் செய்தால் எடுபடாது என்று அக்காவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை, புளியோதரை மூட்டையோடு எல்லோரும் அய்யனார் கோவிலுக்குப் புறப்பட்டோம். ஊருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் தாண்டி, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் தாண்டினால் மலை எதிரே வந்து நிற்கும். காட்டுக்குள் ஆறு, ஆற்றங்கரையில் அய்யனார். மழை வலுத்து வெள்ளம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் போக விடமாட்டார்கள். அன்றைக்குத் தண்ணீர் முழங்காலளவுதான் இருந்தது.

சுவாமி கும்பிட்டாயிற்று. அத்தான் துண்டை விரித்து ஒரு மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டார். பயல் பையிலிருந்து பலகையை எடுத்துப் பாறைமேல் வைத்தான். "மாமா, ஒரு ஆட்டம்?"

நான் கல்லூரி விடுதியில் ஆடியவன். குதிரை எப்படித் தாவும் என்பது வரைக்கும் பழுதில்லாத ஞானம். அரைமணி நேரத்தில் என் ராஜா மூலையில் சிக்கிக்கொண்டார். தோற்றதில் எனக்கு வெட்கமில்லை. மாமாவை ஜெயிப்பதற்கும் உலகத்தை ஜெயிப்பதற்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பயல் எப்படி அறிவான் என்பதுதான் என் கவலை.

காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டான்: "மாமா, சும்மா ஆறுதலுக்கு வேண்டாம். நெசமாச் சொல்லுங்க. நான் குகேஷ் மாதிரி வர முடியுமா?"

இந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் கைவசம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். 'போடா, படிக்கிற வேலையைப் பார்' என்பது ஒன்று. 'முயன்றால் முடியாதது உண்டா?' என்பது மற்றொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம். பையன் நெசம் கேட்டான். புறப்படுமுன் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"கஷ்டம்டா. அநேகமாக முடியாது" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் எழுந்து போகவில்லை. கணக்கைச் சொன்னேன். ஆனந்துக்கு அவர் தாயார் சுசீலா ஆட்டம் சொல்லிக்கொடுத்தபோது வயது 6. குகேஷ் கற்றுக்கொண்டது 7 வயதில். 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். பிரக்ஞானந்தா 10 வயதிலேயே சர்வதேச மாஸ்டர். இவர்களெல்லாம் அபூர்வப் பிறவிகள் என்று தள்ளிவிட்டாலும், சாதாரண ஆட்டக்காரர்களின் கணக்கும் இருக்கிறது. அர்ஜென்டினாவில் 104 ஆட்டக்காரர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2007-ல் வெளியிட்டார்கள். 12 வயதுக்குள் ஊன்றி ஆடத் தொடங்கியவர்களில் நாலு பேருக்கு ஒருவர் சர்வதேச நிலையை எட்டியிருந்தார். அதற்குப் பிறகு தொடங்கியவர்களிலோ 55 பேருக்கு ஒருவர்தான். அதுகூட உலக சாம்பியன் பட்டமல்ல. அதற்குப் பல படிகள் கீழே.

அதே ஆராய்ச்சியில், மாஸ்டர் என்று பெயரெடுக்கச் சராசரியாக 11,000 மணி நேரப் பயிற்சி வேண்டியிருந்தது. சிலருக்கு 3,000 மணி போதுமாயிருந்தது. சிலருக்கு 23,000 மணியும் ஆயிற்று. தினம் மூன்று மணி என்றால் வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். பத்து வருஷம்! இவனுக்கு அப்போது 24 வயது. ஆறு வயதில் ஆரம்பித்த பிள்ளை அதை 16 வயதில் முடித்துவிட்டு மேலே போயிருக்கும்.

"சின்ன வயசுன்னா என்ன விசேஷம் தம்பி? புத்தி வளர்ந்தப்புறம் இன்னும் சுலபமாத்தானே இருக்கணும்?" என்றாள் அக்கா.

நியாயமான கேள்வி. "அக்கா, பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை நீ ஒரு தடவை பார்க்கிறாய், மறுநாள் வாசலில் போட்டுவிடுகிறாய். எனக்கு அது வெறும் புள்ளியும் கோடும். உனக்கு எப்படி முடிகிறது?"

"சின்னப் பிள்ளையிலேருந்து போடறேன். இந்தச் சுழி, அந்த வளைவுன்னு கண்ணுல தானா வருது."

அதேதான் சதுரங்கத்திலும். 1973-ல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டம் ஒன்றின் நிலையைச் சில விநாடிகள் காட்டி மறைத்துவிட்டால், மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். கற்றுக்குட்டி நாலைந்தோடு நின்றுவிடுகிறான். காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்துக் காட்டினால் மாஸ்டரும் கிட்டத்தட்டக் கற்றுக்குட்டிதான்! ஆக, அது ஞாபகசக்தி அல்ல. ஆயிரக்கணக்கான சுழிகளும் வளைவுகளும் கண்ணில் படிந்திருப்பது. அது படிய வருஷங்கள் வேண்டும். பரீட்சை, உத்தியோகம், குடும்பம் என்ற கவலைகள் வந்து சேருமுன் அந்த வருஷங்கள் குழந்தைகளிடம்தான் இருக்கின்றன.

இதற்குள் ஓர் அதிசயம் நடந்தது. புத்தி சொல்ல என்னைக் கூப்பிட்ட அக்காவே கட்சி மாறிவிட்டாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ!

"அப்படின்னா லேட்டா ஆரம்பிச்சு ஒருத்தர்கூட மேலே வந்ததில்லையா?" என்றாள், சண்டைக்கு வருகிற மாதிரி.

வந்திருக்கிறார்கள். ருஷ்யாவின் சிகோரின் 16 வயதில்தான் ஆட்டத்தைக் கற்றார். 1889-லும் 1892-லும் உலகப் பட்டத்துக்கே போட்டியிட்டார். ஆனால் அந்தக் காலத்தில் எதிரே உட்கார்ந்தவர்களுக்கும் ஐந்து வயதிலிருந்து பயிற்சியாளர் கிடையாது. ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் நிதானமாகப் புறப்பட்ட காலம் அது. நம் நாட்டு மீர் சுல்தான் கான் மேல்நாட்டு விதிகளைக் கற்றது 1926-ல், வாலிபனான பிறகு. 1929, 1932, 1933 மூன்று வருஷமும் அவரே பிரிட்டிஷ் சாம்பியன். சீனாவின் யே ஜியாங்சுவான் 17 வயதில் ஆரம்பித்து ஏழு தடவை சீனச் சாம்பியன் ஆனார். ஆனால் சுல்தான் கான் சிறு பிள்ளையிலேயே நம் நாட்டுச் சதுரங்கத்தில் ஊறியவர். யேயும் அதற்குமுன் சீனச் சதுரங்கம் ஆடியவர். விதிகள்தான் புதிது, கண் பழையது.

பயல் ஒரு கூழாங்கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தான். "நம்ம ஊர்ப் பக்கம் யாரும் இல்லையா மாமா?"

அவருக்காகத்தான் நான் காத்திருந்தேன். சென்னையில் ஆர். பி. ரமேஷ் என்று ஒருவர். 1988-ல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன செய்தி வந்த சமயம், ஏறக்குறைய 12 வயதில் ஆட ஆரம்பித்தவர். இன்றைய கணக்கில் இது தாமதம். அவர் 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அடுத்த வருஷம் கிராண்ட்மாஸ்டர். 2007-ல் காமன்வெல்த் சாம்பியன். உலகப் பட்டம் வரை போகவில்லை. ஆனால் 2008-ல், மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ஆர்த்தியும் லேசுப்பட்டவர் அல்ல. 1999-ல் 18 வயதுக்குட்பட்ட பெண்களில் உலக சாம்பியன். பிரக்ஞானந்தாவும் அவன் அக்கா வைஷாலியும் ரமேஷிடம் பயின்றவர்கள். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் வெண்கலம் வென்ற நம் இளைஞர் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். குகேஷும் அந்த அணியில் ஆடினான்.

"அதனால் உச்சி ஒன்றுதான் மலை என்று நினைக்காதே. நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இடமும் மலைதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், "நான் எவ்வளவு தூரம் போவேன்னு யார் சொல்லுவா?" என்றான்.

"நானும் இல்லை, உங்கப்பாவும் இல்லை. ரேட்டிங் சொல்லும். சர்வதேசக் கணக்கு 1400-லிருந்து தொடங்குகிறது. கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 வேண்டும். அதோடு பெரிய போட்டிகளில் மூன்று தடவை தகுதி காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தை விடாதே. தினம் இரண்டு மணி ஆடு, தோற்ற ஆட்டங்களை எழுதிவைத்துப் பார். பக்கத்து ஊர்ப் போட்டிகளுக்குப் போ. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம். சீட்டுப் பணம் அதுவரை அம்மாவிடமே இருக்கட்டும்."

மரத்தடியில் அத்தான் கண்ணைத் திறக்காமலே, "பஸ் சார்ஜ் நான் தரேன்" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் மகனோடு பேசிய முதல் வார்த்தை!

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பலகையைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் புளியோதரையைக் கொறித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் தங்கை, 32 காய்களையும் அதனதன் கட்டத்தில் வைத்துவிட்டிருந்தாள். ராணிகள் இரண்டும் தங்கள் நிறத்துக் கட்டத்திலேயே நின்றன. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணன் ஆடுவதைப் பார்த்ததுதான்.

"இவளுக்கு என்ன வயசு?" என்றேன், தெரிந்துகொண்டே.

"ஆறு" என்றாள் அக்கா. சொன்னவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

பிள்ளையின் எதிர்காலத்துக்காக ஒரு வாரம் வீடே ரெண்டுபட்டது. சென்னையிலிருந்து மாமனை வரவழைத்தார்கள். இந்தச் சிறுமியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? ஏன், நான்தான் கேட்டேனா? வைஷாலி வீட்டில் முதலில் ஆட்டம் கற்றது அக்காதான். டெலிவிஷன் முன்னால் உட்காராமல் இருக்கட்டும் என்று பெற்றோர் அவளைச் சேர்த்துவிட்டார்கள். அவளைப் பார்த்துத் தம்பி கற்றான். இன்று இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள். உலகத்திலேயே அப்படி முதல் அக்கா, தம்பி.

திரும்பி வரும்போது காரின் பின்பக்கத்தில் பயல் தங்கைக்குக் குதிரையின் தாவலைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். "அடி அசடே, ரெண்டு நேரா, ஒண்ணு பக்கவாட்டுல!" அவனுக்கே ஒன்றேகால் வருஷ அனுபவம்தான், அதட்டல் என்னவோ ஆசான் மாதிரி!

நேற்று இரவு போன் செய்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டிக்குப் போய்வந்தானாம். ஆறு ஆட்டத்தில் இரண்டுதான் வெற்றி. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியிடம் தோற்றிருக்கிறான்.

"நீங்க சொன்னது சரிதான் மாமா. அவங்கெல்லாம் வேற மாதிரி ஆடறாங்க. ஆனா 23-வது நகர்த்தல் வரைக்கும் நான்தான் மேலே இருந்தேன். யானையை இந்தப் பக்கம் வச்சிருக்கணும். எழுதி வச்சிருக்கேன்."

அழுதுகொண்டு சொல்வான் என்று பயந்திருந்தேன். அந்த யானையைப் பற்றி அவன் கால் மணி நேரம் பேசினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்புறம் தங்கை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாமா! அண்ணன் எனக்குப் பால்கோவா வாங்கிட்டு வந்துச்சு. நாளைக்கு நான் அதைத் தோக்கடிக்கப் போறேன்!"