வயலில் விழுந்த வளையங்கள்

1965 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு. அமெரிக்காவின் மத்திய மேற்கில் டொர்னாடோ எனும் சுழற்காற்றுகள் அடுத்தடுத்து இறங்கின. அடுத்த நாட்களில் வானிலை ஆய்வாளர் டெட் ஃபுஜிதா சிறு விமானத்தில் தாழப் பறந்து மக்காச்சோள வயல்களைப் படமெடுத்தார். மண்ணில் ஒன்றின்மேல் ஒன்றாக வளையங்கள். கனமான ஏதோ ஒன்று தரையைக் கீறிய தடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கீறலே இல்லை. அறுவடைக்குப் பின் மிஞ்சிய தட்டைகளைச் சில அங்குல உயரத்துக்குக் காற்று கூட்டிக் குவித்திருந்தது.

பெரிய சுழலுக்குள் சின்னச் சுழல்கள் ஓடுகின்றன என்று அவர் முடிவுக்கு வந்தது இப்படித்தான். ஒரு வீடு தரைமட்டமாக, பக்கத்து வீடு தப்பி நிற்பதற்கும் அதில் விளக்கம் இருந்தது. 

டொர்னாடோவின் தடத்தை வயலைவிடக் காடு இன்னும் நீண்ட நாள் நினைவு வைத்திருக்கும். 1987 ஜூலை 21இல் வயோமிங்கின் டீட்டன் மலைக்காட்டில், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், ஒரு டொர்னாடோ ஏறக்குறைய 39 கி.மீ. தூரம் மரங்களைச் சாய்த்தது. வேரோடு சாயும் மரம் தன்னோடு ஒரு பாளம் மண்ணைப் பெயர்த்துத் தூக்குகிறது. கீழே குழி. அதில் தண்ணீர் தேங்கும், சருகு மக்கும். வேர் உளுத்ததும், தூக்கிய மண் பக்கத்திலேயே உதிர்ந்து மேடாகும். மரம் மக்கிப்போன பிறகும் இந்தக் குழியும் மேடும் நூற்றாண்டுகள் நிலைக்கும். மேடு இருக்கும் பக்கம்தான் மரம் விழுந்த பக்கம்.

1997, டெக்சாஸின் ஜாரல்: டொர்னாடோவில் தார்ச்சாலை உரிந்தது, புல்லும் மேல்மண்ணும் போயின.

2011, மிசிசிப்பியின் ஃபிலடெல்ஃபியா அருகே: மேய்ச்சல் நிலத்தில் இரண்டடி ஆழப் பள்ளம். அந்த மேல்மண் சேர எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்!

என் ஆதங்கம் இதுதான். டொர்னாடோவின் வலிமையை அளக்க ஃபுஜிதா 1971இல் தந்த அளவுகோலைத் திருத்தி, 2007 முதல் அமெரிக்காவில் பயன்படுத்துகிறார்கள். அதில் சேதத்தை அளக்க 28 இனங்கள். 26 கட்டடம், கம்பம், கோபுரம் வகை, மரத்துக்கு இரண்டு. பயிருக்கும் மண்ணுக்கும் ஒன்றுகூட இல்லை. 2013 மே 31, ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 4 கி.மீ.க்கு மேல் அகலமான டொர்னாடோ. ரேடாரில் மணிக்கு 450 கி.மீ.யைத் தாண்டிய காற்று. பெரும்பாலும் வயல்வெளியில் ஓடியதால், ஐந்து வரை உள்ள அளவுகோலில் மூன்றுதான் கிடைத்தது. உரிந்த மண்ணின் ஆழத்துக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் வேண்டும்.