முகப்பேரில் ஒரு முழங்கால் வைத்தியம்

முகப்பேர் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகும்போது வழியில் எத்தனை வேகத்தடை என்று கேட்டால், புதிய கார்க்காரர்கள் யோசிப்பார்கள். பழைய கார்க்காரர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு தடையிலும் வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஒரு ‘டக்’ கேட்கும். அது கேட்ட மறுநொடி பின் சீட்டிலிருந்து ஒரு குரலும் கேட்கும்.

“உங்க வண்டிக்கும் என்னை மாதிரியே முட்டி தேஞ்சுபோச்சு. என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்கள்ல, அதையும் எங்கயாவது காட்டுங்க!”

மனைவி இப்படிச் சொன்ன பிறகுதான் அந்த வெள்ளை சாண்ட்ரோ ஒரு சனிக்கிழமை காலை மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. 2011-ல் வாங்கிய வண்டி. மகளைப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், நாலாம் நாள் பேரனோடு வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இதில்தான். பாடியில் ஒரு தொழிற்சாலையில் 30 வருடம் உதிரிபாகங்களின் தரம் பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவருக்கு, இதை விற்க மனம் வரவில்லை. ‘எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டுப் புதுசு வாங்குங்க’ என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

மாப்பிள்ளை பக்கமும் நியாயம் இருக்கிறது. 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். பசுமை வரி தனி. அதற்கும் மேலே, வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ‘டக் டக்’ என்று நொண்டிக்கொண்டு போனால் எப்படி?

முகப்பேர் என்ற பெயரே ‘மகப்பேறு’ மருவி வந்தது என்று ஊரில் சொல்வார்கள். சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. வீட்டுவசதி வாரியம் மனை பிரித்துக் கொடுத்த பிறகு வளர்ந்த நகர் இது. ஒரு பகுதிக்கு ‘ஏரித் திட்டம்’ என்றே பெயர். இருந்தது ஏரி, வந்தது திட்டம்! மழைக்காலத்தில் தண்ணீருக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். தெருவில் கணுக்கால் அளவு நிற்கும். அதற்கடியில் பள்ளம் எங்கே, பாதாளச் சாக்கடை மூடி எங்கே என்று பார்த்துச் சொல்வது காரின் முன்சக்கரம்தான்.

வடக்கே பாடி. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இதுதான். குருப்பெயர்ச்சி என்றால் கோயிலில் கால்வைக்க இடமிருக்காது. அந்தப் பாடிக்கு 1960-களில் இன்னொரு முகம் வந்தது. 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும், 1966-ல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் உற்பத்தி என்று வரிசையாகத் தொடங்கின. சக்கரம், டைனமோ, பிரேக், போல்ட் என ஒரு வண்டிக்கு வேண்டியதில் பாதி இந்தச் சில கிலோமீட்டருக்குள் தயாரானது. பக்கத்திலேயே அம்பத்தூர் எஸ்டேட். இந்தப் பக்கத்தில் பஸ் ஸ்டாப்புகளுக்குத் தலைவர்கள் பெயரைவிடக் கம்பெனிகள் பெயர்தான் அதிகம்: லூகாஸ், பிரிட்டானியா, டன்லப், வாவின். ‘டன்லப் ஒண்ணு குடுங்க’ என்று கண்டக்டரிடம் கேட்டால் டயர் கேட்கிறார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் குடியேறிய ஊர் என்பதால்தானோ என்னவோ, முகப்பேரின் குறுக்குத் தெருக்களில் மெக்கானிக் ஷெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. தகரக் கூரை, உள்ளே இரண்டு கார், வெளியே வேப்பமர நிழலில் ஒன்று. சுவரில் ஸ்பேனர்கள், அவற்றுக்கு மேலே மாலையோடு முருகன். சாண்ட்ரோ வந்து நின்ற ஷெட்டும் அப்படித்தான். அதன் உரிமையாளர் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படித்தவர். வயது ஐம்பது இருக்கும்.

அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. பானெட்டின் ஒரு மூலையில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். நல்ல வண்டி ஒரு முறை எழும்பி அடங்கிவிடும். இது ஊஞ்சல் மாதிரி மூன்று முறை ஆடியது.

“ஷாக் ரெண்டும் போச்சு சார். ஆனா, அந்த டக் சத்தம் இது இல்ல. வாங்க, ஒரு ரவுண்டு போவோம்.”

வேகத்தடைக்கு அழைத்துப் போய், கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக ஏற்றி இறக்கிக் கேட்டார். அது கிட்டத்தட்ட ஸ்டெதஸ்கோப் வைப்பது போலத்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் ‘கடகட’ என்றால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் ‘கலகல’ என்றால் ஸ்டெபிலைசர் லிங்க். பிரேக் பிடிக்கும்போதும் தடையில் இறங்கும்போதும் ஒற்றையாக ‘டக்’ என்றால் லோயர் ஆர்ம். இதெல்லாம் காதுக் கணக்கு. காதை மட்டும் நம்பிப் பாகத்தைக் கழற்றுகிற மெக்கானிக்கிடம் பர்ஸைக் கொடுத்துவிடக் கூடாது. இவர் திரும்பி வந்து வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். பிறகு ஒரு நீளக் கம்பியை இடுக்கில் கொடுத்து நெம்பியதும் பால் ஜாயின்ட் ‘டக்’ என்றது. அதே சத்தம்!

கீழே குனிந்து பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். வண்டியின் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். ஆனால் அதற்குக் குதிக்கத் தெரியுமே தவிர, நிற்கத் தெரியாது. அதை அடக்குகிற வேலை ஷாக் அப்சார்பருக்கு. உள்ளே இருக்கும் ஆயில் சிறு துளைகள் வழியாகக் கஷ்டப்பட்டுப் போய்வருவதால் துள்ளல் அடங்குகிறது. ஆயில் கசிந்துவிட்டால் அது வெறும் குழாய். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே தூணாகச் சேர்த்தவர் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1950-ல் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல் காரில் வந்த அந்தத் தூண்தான், இன்று நம் தெருவில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னங்கால். அதன் அடியில், சக்கரத்தையும் உடலையும் இணைக்கிற எலும்பு லோயர் ஆர்ம். ஒரு முனையில் ரப்பர் புஷ், மறுமுனையில் பால் ஜாயின்ட். இடுப்பெலும்பில் பந்துக்கிண்ண மூட்டு இருக்கிறதே, அதேதான். கிரீஸ் நிற்க ஒரு ரப்பர் உறை. அந்த உறையில் சின்னக் கிழிசல் விழுந்தால் போதும். ஏரித் திட்டத்துத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்ப் பந்தைத் தின்றுவிடும்.

“இது கழண்டா என்ன ஆகும் தம்பி?” பெரியவர் கேட்டார்.

“சக்கரம் வெளிய மடங்கிரும் சார். ரோட்டோரம் ஒரு காலை அகட்டிப் படுத்திருக்குற காரைப் பாத்திருப்பீங்களே, அதான். தெருவுல நடந்தா கிரேன் செலவு. பைபாஸ்ல எண்பதுல போறப்போ நடந்தா...” அவர் முடிக்கவில்லை. பெரியவரின் மனைவி, போன வாரம்தான் பேரனோடு மதுரவாயல் பைபாஸில் போய்வந்ததை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு முட்டி ஜோக் வரவில்லை.

அடுத்த கேள்வி, பாகம் எங்கே வாங்குவது? சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை நினைவுக்கு வராமல் இருக்காது. உடைத்த கார்களின் பாகங்கள் மலைபோல் கிடக்கும் சந்தை. கதவு, விளக்கு, கண்ணாடி என்றால் தாராளமாகப் போகலாம். புதிய பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது. அம்பத்தூர், பாடி பக்கமே கடைகளும் உண்டு. மெக்கானிக் இதில் கறாராக இருந்தார். “மத்தது எது வேணா பழசு போடுங்க சார். பால் ஜாயின்ட், புஷ், ஷாக் மூணும் புதுசுதான். இன்னொருத்தர் தேச்சு முடிச்சதை நாம ஏன் வாங்கணும்?” ஷாக்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றவும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கால் புதிது, ஒரு கால் பழையது என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எனவே எப்போதும் ஜோடியாக. பழைய பாகங்களை மூட்டையாகக் கட்டி உரிமையாளரிடமே கொடுப்பதும் இங்கே வழக்கம். கொடுக்காத கடையில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கடைப் பையன் பெட்டியைக் கொண்டுவந்ததும் பெரியவர் புதிய லோயர் ஆர்மைக் கையில் வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பால் ஜாயின்ட்டின் தண்டை விரலால் சுழற்றினார். அது இறுக்கமாக, ஒரே சீராகத் திரும்பியது. வெல்டிங்கில் கட்டைவிரலை ஓட்டினார். 30 வருடம் இதைத்தானே செய்தார்! “பாஸ்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தபோது மெக்கானிக் சிரித்துவிட்டார்.

வேலையில் மிக ஆபத்தான இடம் ஸ்பிரிங்கைக் கழற்றுவது. அமுக்கிப் பிடித்திருக்கும் கம்ப்ரஸர் நழுவினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டுதான். யூடியூப் பார்த்து வீட்டு வாசலில் இதைச் செய்ய நினைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் ஷெட்டுக்கு விட்டுவிடலாம். பையனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அதை அவரே செய்தார்.

பாகங்கள் ஏறிவிட்டன. நட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கிவிட்டு, வண்டியைக் கீழே இறக்கச் சொன்னார். பெரியவருக்குப் புரியவில்லை.

“ஏன் தம்பி, மேல இருக்கறப்பவே டைட் வெச்சுரலாமே? குனிய வேண்டாமே?”

“காலைத் தொங்கப்போட்டுட்டு பேண்ட்டுக்கு அளவெடுத்தா எப்படி சார்? சக்கரம் தொங்கறப்போ டைட் வெச்சா, புஷ் ரப்பர் அந்த நிலைமையிலயே பிடிச்சுக்கும். வண்டியை இறக்கினதும் முறுக்கிக்கும். எப்பவும் முறுக்குலயே இருந்தா ஆறு மாசத்துல கிழிஞ்சிரும். ‘போன வருஷம்தானே மாத்தினேன்’னு வர்றவங்க பாதிப் பேருக்கு இதான் கதை.”

சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு, வண்டியடியில் படுத்துக்கொண்டு புஷ் போல்ட்டுகளை இறுக்கினார். அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது, அவசரக் கடைக்கும் நல்ல கடைக்கும் உள்ள வித்தியாசம். கார் கொடுத்துவிட்டு டீக்குப் போகிறவர்கள் இந்த ஒரு கட்டத்துக்காவது திரும்பி வந்து நிற்கலாம்.

இதே கலையின் பெரிய வாத்தியார்கள் மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறார்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைந்தது. 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. பல டன் இரும்பைத் தாங்க அதில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, முறுக்கேறும் இரும்புத் தண்டுகள். பழைய அம்பாசிடரின் முன்பக்கத்திலும் அதே டார்ஷன் பார் தத்துவம்தான். கல்யாண ஊர்வலத்துக்குப் போனதும் எல்லைக்குப் போனதும் ஒருவகையில் சொந்தக்காரர்கள்! பிறகு வந்த அர்ஜுன் டேங்குக்கு, ஆவடியிலேயே உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையம் ஆயிலும் வாயுவும் சேர்ந்து தாங்குகிற சஸ்பென்ஷனை அமைத்தது. சாண்ட்ரோவின் ஊரும் தூரமில்லை. பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் வழியில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் முதல் சாண்ட்ரோ அங்கிருந்துதான் வந்தது.

லோயர் ஆர்மைக் கழற்றி மாட்டினால் சக்கரத்தின் கோணம் மாறியிருக்கும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் புது டயரும் ஒரு பக்கம் வழுக்கையாகிவிடும். அதற்கு வேறு கடை. அரை மணி நேரம். மொத்த பில்லைப் பார்த்துப் பெரியவர் பெருமூச்சு விட்டார். பிறகு மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினார். புதிய காரின் முன்பணத்தோடு அது போட்டிபோட முடியாது என்பது அவர் கட்சி.

மாலை வெயிலில் வண்டி அதே சாலையில் வந்தது. முதல் வேகத்தடை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது... இல்லை.

“ஏங்க, பின்கதவு ஏதோ லேசா கடகடன்னுதே?”

“அது மூணு வருஷமா கடகடன்னுதான் இருக்கு. இத்தனை நாள் உனக்குக் கேக்கல” என்றார் அவர், கியரை மாற்றிக்கொண்டே.